பாயிண்ட்

மரவள்ளிக்குப் பாயிண்ட் பார்ப்பவள் நான்.
பதினான்கு வருடம், ஆத்தூர் ரோட்டில் ஒரு சேகோ ஆலையில்.
லாரியிலிருந்து ஒரு கூடைக் கிழங்கு இறக்கித்
தண்ணீரில் அமிழ்த்தினால்
முள் ஆடி ஆடி ஓரிடத்தில் நிற்கும்.
நின்ற இடம்தான் விலை.

ஆலைக்குப் பூட்டு விழுந்த மாசியில்
ஐந்து ரோட்டில் இரண்டாம் மாடி ஏறினேன்.
கீழே செல்போன் கடை, நடுவில் பல் டாக்டர்,
மேலே கன்சல்டன்சி.
நிலோஃபர் என்றொரு பெண்,
என் பெரியவளைவிட நாலு வயது மூத்திருப்பாள்,
ஐந்நூறு வாங்கிக்கொண்டு ரசீது எழுதினாள்.
வேலை அமைந்தால் பாதி மாதச் சம்பளம்,
அதற்கும் ரசீது உண்டு என்றாள்.
அவள் முதுகுக்குப் பின்னே ஜன்னலில்
சேர்வராயன் மலை, மேகம் போகப் பாதி.

வயது? நாற்பத்திமூன்று.
படிப்பு? வேதியியல், ஒரு பேப்பர் பாக்கி.
கம்ப்யூட்டர்? பில் போடுவேன்.
இங்கிலீஷ்?
சிரித்தேன். அவளும் சிரித்தபடி
எங்கோ ஒரு கோடு போட்டாள்.
கூடையில் இருப்பது இப்போது நான்
என்று புரிந்தது. கோபம் வரவில்லை.
முள்ளைக் கையால் தொடாதவளிடம்
என்ன கோபம்?

மூன்று முறை கூப்பிட்டாள்.
நாமக்கல்லில் கோழித்தீவன லேப்,
ஓசூரில் ஏதோ பெயின்ட் கம்பெனி,
நாலு ரோடு ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை.
"முப்பத்தஞ்சுக்குள்ள கேக்கறாங்க, மேம்."
மூன்று முறையும் அதே குரல், கூட்டாமல் குறைக்காமல்.

நாலு பேரிடம் சொல்லி வை என்றார் வீட்டுக்காரர்.
சொன்னேன்.
அம்மாபேட்டைக் கல்யாண மண்டபத்தில்
சாம்பார் வாளிக்கும் ரச வாளிக்கும் நடுவில் சொன்னேன்.
தட்டுவடை செட் கடையில், வாயில் பீட்ரூட்டோடு
பழைய சூப்பர்வைசர் மனைவியிடம் சொன்னேன்.
பள்ளி வேன் டிரைவரிடமும்.
"சொல்லிப் பாக்கறேன்" என்றார்கள் எல்லோரும்.
பதினோராவது ஆளிடம் சொல்லும்போது
வேறு யாருக்கோ வேலை கேட்பதுபோல இருந்தது.

ஆனியில் பாப்பண்ணன் போன் செய்தார். கிழங்கு புரோக்கர்.
"மல்லூர்ப் பக்கம் புது ஆலை. போய் நில்லு, போதும்.
என் லோடுக்கு நீ பண்ணுனத மறப்பேனா?"

நானும் மறக்கவில்லை.
பாப்பண்ணன் லோடு இருபத்தைந்தில் நிற்கும்;
இருபத்தேழு என்று எழுதுவேன்.
யாரும் எழுதச் சொன்னதில்லை.
முதலாளி இருமுவார், அவ்வளவுதான்.
பின்னால் நின்ற வாழப்பாடி லாரி
இருபத்துநாலு என்றால் இருபத்துநாலுதான்.
மூட்டைக்கு இத்தனை என்று
அந்த ஆள் விரல் மடக்கிக் கணக்குப் போட்டதை
எதிரில் நின்று பார்த்தேன்.
அவருக்கு யாரையும் தெரியாது.

மல்லூரில் என் தாளை யாரும் பிரிக்கவில்லை.
"அண்ணன் சொன்னா சரி. திங்கக்கிழமை வந்துரும்மா."
நிலோஃபர் திருத்தி அச்சடித்துத் தந்த இரண்டு பக்கம்
மடியிலேயே கிடந்தது.
பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது:
எனக்கும் ரெண்டு பாயிண்ட் போட்டிருக்கிறார்கள்.

அவளிடம் சொல்லிவிட வேண்டுமே என்று கூப்பிட்டேன்.
"சந்தோஷம் மேம். உங்க ஃபைலை க்ளோஸ் பண்ணிடறேன்"
என்றாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டாள்.
ஒரு பட்டனில் மூடிவிட்டாள்.
இந்தப் பக்கம் மூடுவதற்கு ஃபைலும் இல்லை,
காட்டுவதற்கு ரசீதும் இல்லை.
பாப்பண்ணன் வீட்டு வளைகாப்புக்குப் போக வேண்டும்,
வெறுங்கையோடு போகக் கூடாது.

இன்று ஒன்பதாம் நாள்.
கேட்டுக்குள் லாரி. டிரைவர் குதித்து இறங்குகிறான்.
"பாப்பண்ணன் லோடுக்கா."
அதன் பின்னால் இன்னொரு லாரி, ஹாரன் அடிக்காமல் நிற்கிறது.
கூடை இறங்குகிறது. தண்ணீர் தளும்புகிறது.
புது முதலாளிக்கு இருமல் உண்டா என்று இன்னும் தெரியவில்லை.
முள் ஆடுகிறது,
நிற்கிறது.
இருபத்தைந்து.

பேனா மூடியைத் திறக்கிறேன்.